கீழமடைத் தாமரை

குளம் நிறையத் தண்ணீர் கிடக்கிறது, அதன் கரையை ஒட்டிய வயல் காய்ந்து வெடிக்கிறது என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் சிரிப்பான். தாணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. காலையில் எழுந்து முகம் கழுவினால் குளம் கண்ணில் படும். திரும்பினால் வயல் படும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அஞ்சுகிராமத்துக்கு மேற்கே இருக்கிற கொன்றைவிளையில் குளம் ஒன்றுதான், அதற்கு மடை இரண்டு. மேலமடைத் தண்ணீர் ஊரின் பெரும்பாலான வயல்களுக்குப் பாய்ந்தது. கீழமடை சில துண்டு நிலங்களுக்கு மட்டும். அந்தத் துண்டுகளில் ஒன்றைத்தான் தாணம்மாளும் அவள் புருஷன் குமாரதாஸும் நிலத்துக்காரர் கிருஷ்ணமணியிடமிருந்து பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிட்டு வந்தார்கள். மற்றத் துண்டுக்காரர்களுக்கு மேலமடையிலும் நிலம் இருந்தது. கீழமடை அடைத்தால் அவர்களுக்கு ஒரு வேளைக் கஞ்சிகூடக் குறையாது.

மடையை அடைத்தது தாமரை. குளத்தில் முன்பு தாமரை கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன், கீழமடைக் கல்லுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ நாலு இலை தலைகாட்டியது. குடத்தோடு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தாணம்மாளும் வந்து பார்த்தாள். விஷக்காய்ச்சலில் கொட்டிப்போன தலைமுடி அப்போதுதான் அவளுக்கு முளைக்கத் தொடங்கியிருந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்ல ஐசுவரியமாத்தான் இருக்கு" என்று அவளே சொன்னாள். அந்த வாயை இப்போது அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஐசுவரியம் படர்ந்தது. நாலு இலை நாற்பதாகி, தண்டும் கிழங்குமாகப் பின்னி, மடைவாய்க்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மடைப்பலகையைத் தூக்கினால் அழுகிற குழந்தையின் மூக்கு ஒழுகுகிற மாதிரித் தண்ணீர் வரும். போன கன்னிப்பூ சாகுபடி பாதி பதராகப் போயிற்று. இப்போது நிற்பது கும்பப்பூ, மாசியில் அறுக்க வேண்டிய நெல். தை பிறந்து கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் அறுப்பதற்கு வைக்கோல்தான் இருக்கும்.

கிருஷ்ணமணி வரப்பில் வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு தடவை பொறுத்தாச்சு தாணம்மா. இதும் போச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்கிடுவேன். மனசில ஒண்ணும் வச்சுக்கிடப்பிடாது."

அந்த நிலம் போனால் அவர்களுக்கு வேறு நிலம் இல்லை. அதன்பிறகு வேறு யார் வயலிலாவது கூலிக்கு நாற்று நடப் போக வேண்டியதுதான். தாணம்மாள் அன்றைக்கே புருஷனைக் கிளப்பிவிட்டாள்.

"போயி கேளுங்க. மடைவாயில நிக்கத மட்டும் வெட்டிக்கிடுகோம்னு சொல்லுங்க. மிச்சத்தை ஆரு வேணும்னாலும் வச்சுப் பூசை பண்ணட்டும்."

கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் தாமரைக்கு அதற்குள் உரிமைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மன் கோயிலில் பூசை செய்கிற போற்றி தினமும் பூப்பறித்தார். அது கோயில் பூ ஆயிற்று. அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடுகிற தாங்கலில் விளக்கு ஏற்றுமிடத்தில் தாமரை வரைந்திருந்தது. அதனால் அது தாங்கல் பூவும் ஆயிற்று. பள்ளிக்கூடத்து மரியஜான் வாத்தியார் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்கு நடத்திவந்து பாடம் எடுத்தார், ஆகவே சர்க்கார் பூ என்றும் சொல்லலாம். யாரையும் கேட்காமல் அரிவாளை வைத்தால் ஊர் கூடிவிடும்.

குமாரதாஸ் முதலில் போற்றியிடம் போனான். பொழுது சாயத் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு தெளிவு. காரியம் முடிந்தது என்று தாணம்மாள் நினைத்தாள்.

"கேட்டியா, பத்மநாப சாமிக்க தொப்புள்ல இருந்து மொளச்சதாக்கும் தாமரை. அதுக்க மேல இருந்துதான் பிரம்மா லோகத்தையே படைச்சாரு. நம்ம மகாராஜா ராஜ்ஜியம் முழுக்க பத்மநாபனுக்கே எழுதிக் குடுத்துட்டு, நான் அவருக்க தாசன்னு இருந்தவங்க வம்சம். இப்போ ராஜா போயி மந்திரி வந்தாச்சுன்னு வை, இருந்தாலும் பத்மநாபன் போகல்லியே..."

"மடையத் தொறக்கலாமா, பிடாதா?"

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"பிரம்மா லோகத்தைப் படைச்சப்போ கீழமடையை எதுக்குப் படைச்சாரு? அடைச்சு வச்சுப் பாக்கதுக்கா?"

குமாரதாஸ் கால் கழுவப் போனான். குறுக்கே கேட்டால் நழுவிவிடுவான். அவனுடைய சுபாவமே அதுதான். கல்லைப் போட்டால் கிணறாவது சத்தம் போடும்.

மறுநாள் வாத்தியாரிடம் அனுப்பினாள். படித்தவர், மடை என்றால் என்னவென்று புரியும், போற்றியிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்பது அவள் கணக்கு. மலையாள ராஜ்ஜியத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அப்போது ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் அந்தக் கூட்டங்களில் பேசுகிறவர். ஒரு மடையை விடுவிக்கப் பேசமாட்டாரா? குமாரதாஸ் மத்தியானம் போய் இருட்டும்போது வந்தான். சோற்றில் கை வைப்பதற்குள் ஆரம்பித்தான்.

"வாத்தியார் எத்தனை சங்கதி சொல்லுகாரு! புத்தரும் சமணரும் இருந்த எடமாக்கும் இது. அந்தச் சாமியளுக்கும் தாமரைதான் ஆசனம். வாத்தியாருக்க வேதக்கோயிலுக்குப் போனா பழைய சிலுவை இருக்குல்லா, அதுக்குக் கீழ பீடத்துல பாத்தா, அதும் தாமரை இதழு! கொத்தின ஆசாரிக்குச் சிலுவை புதுசு, தாமரை பழகினது. அதனால சிலுவையையும் தூக்கித் தாமரைமேல வச்சுட்டானாம். தேங்காப்பட்டணத்துப் பழைய பள்ளிவாசல் கல்லுலகூட பூ இருக்காம்."

தாணம்மாள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

"எல்லாச் சாமியும் தாமரைமேல ஏறி உக்காந்தாச்சு. மனுசன் உக்காந்து திங்கத்தான் நெல்லு இல்ல. மடையப் பத்தி வாத்தியார் என்ன சொன்னாரு?"

"அதுக்குள்ள பள்ளிக்கூடத்து மணி அடிச்சுட்டாங்க."

இருட்டும் நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூன்றாவதாகத் தாங்கல். அங்கே பணிவிடை செய்கிற பெரியவரிடம் பேசிவிட்டு, நெற்றியில் புது நாமத்தோடு வந்தான்.

"மனுசனுக்க தலைக்குள்ள ஆயிரம் இதழுள்ள ஒரு தாமரை இருக்கு. அதுக்க மேல ஒரு ஜோதி. நாம நெத்தியில இடுகது அந்த ஜோதியத்தான். நம்ம தலைக்குள்ள உள்ளதுதான் குளத்துலயும் நிக்கிது, தாணம்மா. அப்ப வெட்டுனா எங்க வெட்டுன மாதிரி?"

"உங்க தலைக்குள்ள தாமரை இருக்குன்னு நான் நம்புகேன். வேற ஒண்ணுமே இல்லாததுனால நல்லாப் படந்திருக்கும்."

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தவள், குளத்தைப் பார்த்து வழக்கமான அர்ச்சனையைத் தொடங்கினாள். தாமரையைக் கொண்டு போட்டவன் கை விளங்காமல் போக வேண்டும், அவன் குடும்பம் சோற்றுக்கு அலைய வேண்டும், அவன் பெண்டாட்டி மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும். மடை அடைபட்ட நாள் முதல் அவள் இதைச் சொல்லாத நாள் குறைவு. உள்ளே குமாரதாஸ் ஒவ்வொரு சாபத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அடுத்த நாள் வயலில் இறங்கி ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். பால் வந்தது, ஆனால் தண்ணீராக வந்தது. காலடியில் மண் ஓடு மாதிரி பெயர்ந்தது. இன்னும் சில நாள் இப்படியே போனால் அவ்வளவுதான். புருஷனை அனுப்பினால் காரியம் நடக்காது, கதைதான் நடக்கும் என்று முடிவு செய்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கோயிலுக்கு நடந்தாள்.

போற்றி துளசி பறித்துக்கொண்டிருந்தார். மலையாள தேசத்திலிருந்து வந்தவர், நல்ல மனுஷன், பேச்சில் மட்டும் இரண்டு பாஷையும் கலந்து ஓடும்.

"போற்றி, பத்மநாப சாமி மேல எனக்கும் பக்திதான். ஆனா அவருக்குப் பாற்கடல் இருக்கு. எனக்கு ஒரு துண்டு வயல்தான் இருக்கு. மடைவாயை மட்டும் வெட்டிக்கிட ஒரு வார்த்தை சொல்லுங்க."

போற்றி துளசித் தட்டைக் கீழே வைத்தார்.

"வெட்டிக்கோ. ஞான் எப்போ வேண்டான்னு பறஞ்சேன்?"

"அவரு வந்து கேட்டாருல்லா?" என்றாள் தாணம்மாள்.

"எனக்கு நாலு பூ கிட்டினா போதும். உன் பர்த்தாவாக்கும் வந்து என் காலில் விழாத குறையா நின்னது. 'தாணம்மா வந்து கேட்டா தொடப்பிடாதுன்னு சொல்லிடணும் போற்றி, அதுக்கு ஏதாவது நல்ல காரணமும் சொல்லணும்'னு கேட்டான். பக்தியுள்ளவனாச்சேன்னு பத்மநாபனுக்க கதையைச் சொல்லி அனுப்பினேன், உன்னிடம் பொய் பறைய மட்டும் என்னால் ஆகாது. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. திரும்பி வரும் வழியில் வாத்தியார் எதிர்ப்பட்டார். கேட்காமலே சிரித்தார். "ஒங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு ஆர்வம்! தாமரையப் பத்தி நல்லதா ரெண்டு விஷயம் சொல்லுங்க சார், வீட்டுல போய்ச் சொல்லணும்னாரு. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஒரு மனுசன் எங்கிட்ட சரித்திரம் கேட்டது இதுதான் மொதல் தடவை" என்றார். அவர் கண்ணில் கிட்டத்தட்டத் தண்ணீர். மடையைப் பற்றி அவரிடம் யாரும் பேசவே இல்லை.

தாணம்மாள் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. எதற்காக? சொந்த வயலைக் காயப்போட ஒரு மனுஷன் வீடு வீடாகப் போய்ச் சிபாரிசு பிடிப்பானா? எவளுக்காவது பூப்பறித்துக் கொடுக்கிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. குமாரதாஸின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அந்த முகத்துக்கு அது ஒத்துவரவில்லை. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டாள். கோபத்தை விடவில்லை.

அவன் கீழமடைக் கல்லில் உட்கார்ந்து தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவளுடைய அரிவாள் கிடந்தது. வரப்புப் புல்லை அறுத்துவிட்டுப் போட்டிருந்தான்.

"போற்றி வெட்டிக்கிடச் சொல்லியாச்சு" என்றாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அவரு எப்பவும் வேண்டாம்னு சொல்லல்லியாம். நீங்கதான் சொல்லச் சொன்னீங்களாம். வாத்தியார்கிட்டயும் போயி கதை வாங்கிட்டு வந்தீங்களாம். எனக்க வயித்துல அடிக்க உங்களுக்கு என்ன அப்படி ஆசை? இன்னிக்கு நீங்க வாயத் தொறக்காம நான் இந்த எடத்தை விட்டு அசையமாட்டேன்."

குமாரதாஸ் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு, தாமரையிடம் சொல்வது போலச் சொன்னான்.

"நான்தான் ஊனினேன்."

"எதை?"

"இதைத்தான். ஒனக்குக் காய்ச்சல் வந்தப்போ நாகர்கோயில் ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்கள்லா? வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னாங்க. நான் ஆருகிட்டப் போயி எதைக் குடுப்பேன்? நம்ம அய்யாவழியில சேவலு அறுக்கப்பிடாது, காணிக்கை போடப்பிடாது. அய்யா கேக்கவும் மாட்டாரு, வாங்கவும் மாட்டாரு. ஒண்ணும் குடுக்காம வெறுங்கையோட எப்படி ஒரு உசிரைக் கேக்க? வண்டி வரும்போது சுசீந்திரத்துக்கு இப்பறம் ஒரு குளத்துல தாமரை நின்னுச்சு. தாங்கல்ல இருக்க பூதானே, இதுல ரத்தமும் இல்ல, துட்டும் இல்லன்னு தோணிச்சு. எறங்கிக் கிழங்கு பறிச்சேன். இது மொளச்சா இவளும் மொளைக்கணும்னு சொல்லி, வயலுக்குப் போறப்பல்லாம் பாக்கலாம்னு இங்கின ஊனினேன்."

நிறுத்தினான். பிறகு, "இது மொத எலை விட்ட அன்னிக்குத்தான் நீ கண்ணத் தொறந்து கஞ்சி கேட்ட" என்றான்.

தாணம்மாள் மடைக்கல்லின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.  எத்தனை நாள்! கை விளங்காமல் போக என்று அவள் கத்தியபோதெல்லாம் அந்தக் கைக்காரன் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவள் சாபத்தில் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டியிருந்த பெண்டாட்டி அவளேதான்.

"நான் சாபம் போடும்போது ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நேந்ததை வெளிய சொன்னா பலிக்காதே. தாங்கல்ல தெரிஞ்சாலும் தப்பு, நேர்ச்சையே நம்மளுக்குக் கெடையாது. போன ஆவணியில நகச்சுத்து வந்துச்சுல்லா, அப்போ நெனச்சேன், சரி, ஒனக்க சாபம் விரலோட தீந்துச்சுன்னு."

அந்த விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக் கட்டிவிட்டது அவள்தான். கட்டிக்கொண்டே தாமரைக்காரனைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது.  வேறொருத்திக்கு அழுகை வந்திருக்கும். அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

"எனக்க உசிரைக் கொண்டுவந்து சேத்துல ஊனுறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ அப்போ நெனவில்லாம கெடந்த" என்றான் குமாரதாஸ். அவன் நியாயத்தைத்தான் சொன்னான்.

"இப்போ நெனவு இருக்குல்லா! இந்த மூணு வருசமும் நெனவோடதானே சுத்துகேன்! அப்ப இதை வெட்டுனா நான் செத்துருவேன்னு நெனச்சாக்கும் ஊரெல்லாம் கதை வாங்கினீங்க?"

 அவனுக்கு உதடு நடுங்கியது. ஆமாம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் இன்னும் நாலு வார்த்தை கத்தியிருப்பாள். நடுங்கிய அந்த உதட்டை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தன்மேல் ஒருவன் இத்தனை பயத்தை வைத்திருப்பது சந்தோஷமா தொந்தரவா என்றும் தெரியவில்லை. எழுந்தாள். சேலையை முழங்காலுக்குமேல் இழுத்துச் செருகினாள். அரிவாளை எடுத்தாள்.

"தாணம்மா! ஏட்டி! வேண்டாம்!"

"எனக்க உசிருக்கு நேந்ததுன்னா இது எனக்குள்ளது. பத்மநாபனுக்கும் இல்ல, வாத்தியாருக்கும் இல்ல. வெட்டுகதும் விடுகதும் எனக்க இஷ்டம்."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சேறு காலை உள்ளே இழுத்தது. மடைவாய்க்கு நேரே நின்ற முதல் தண்டைப் பிடித்து, கையை நீருக்குள் விட்டு அறுத்தாள். இலை சாய்ந்து மிதந்தது. கரையில் குமாரதாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

உண்மையைச் சொன்னால் அவளும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நீர்க்கோழி கத்திக்கொண்டு ஓடியது.

"கண்ணத் தொறந்து பாருங்க. செத்தாச்சா?"

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

அடுத்ததை அறுத்தாள். அதற்கும் அடுத்ததை அறுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை திரும்பி அவனைப் பார்த்து, "இருக்கேனா? நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். கிழங்குப் பின்னல் அரிவாளுக்கு அசையவில்லை. இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்ததுதான் தாமதம், குமாரதாஸ் தலைத்துண்டோடு தொப்பென்று குளத்தில் குதித்தான். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

"சும்மா மூச்சு வாங்குதுங்க. கிழங்கைப் பிடிச்சு இழுங்க."

இழுத்தான். அழுதுகொண்டே இழுத்தான். தான் ஊன்றிய இடம் அவனுக்குத் தெரிந்திருந்ததால், வேர் எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து முக்கியதில் ஒரு பெரிய பின்னல் மடைவாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் செம்மண் கலந்த தண்ணீர் விழுந்து ஓட ஆரம்பித்தது.

சத்தம் கேட்டுப் போற்றி வந்தார், வாத்தியார் வந்தார், கிருஷ்ணமணியும் வந்தார். வாத்தியார் மிதக்கிற இலைகளைக் காட்டி, "பாத்தீங்களா, தாமரை இலையில மட்டும் தண்ணி ஒட்டவே ஒட்டாது. அதுல ஒரு பெரிய தத்துவம்..." என்று தொடங்கினார்.

"வயல்ல ஒட்டினாப் போதும் சார்" என்றாள் தாணம்மாள், குளத்துக்குள் நின்றபடியே. கிருஷ்ணமணி வாய்க்காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாசிக்கு அறுப்புக்கு ஆளு சொல்லி வை" என்று சொல்லிப் போனார். குளத்து நடுவில் நின்ற தாமரையை யாரும் தொடவில்லை. போற்றிக்குத் தேவையான பூ அங்கே தாராளமாக இருந்தது.

பறித்த கிழங்கை அவள் வீணாக்கவில்லை. சேறு போகக் கழுவி, வட்டம் வட்டமாக நறுக்கி, தேங்காயும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்தாள். குமாரதாஸ் இலையில் விழுந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையும் திங்கவா?"

"இத்தனை நாள் நம்ம சோத்தை அது தின்னுச்சு. ஒரு நேரம் நாம அதைத் திம்போம்."

தின்றான். ருசியாக இருந்தது என்பதை மறுசோறு கேட்டதில் தெரிந்துகொண்டாள்.

விடியற்காலையில் நெற்றியில் ஏதோ பட்டு அவளுக்கு விழிப்பு வந்தது. குமாரதாஸின் கை. உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையை வைத்து, பிறகு கழுத்திலும் வைத்துச் சூடு பார்த்தான். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. எவ்வளவு நேரமாக விழித்து உட்கார்ந்திருக்கிறானோ. மூன்று வருஷத்துக்கு முன்னும், அவளுக்கு நினைவில்லாத நாட்களில், இந்தக் கை இப்படித்தான் வந்து வந்து பார்த்திருக்க வேண்டும். தாணம்மாள் தூங்குகிற மாதிரியே கிடந்தாள். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வீடுவரை கேட்டது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல. கையை எடுத்துட்டுப் போயி வரப்பு ஒடஞ்சிருக்கான்னு பாருங்க. இனி எனக்குச் சொகமில்லாம வந்தா, மடையில்லாத எடமாப் பாத்து நேருங்க."

அவன் எழுந்து மண்வெட்டியைத் தேடினான். அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான், அவன் கை இருந்த இடத்தில் அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள்.